மியூல் மட்டும்தானா? டேனி பன்ட்டன் பெரியின் பன்னிரண்டு விளையாட்டுகள்

அமெரிக்கக் கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் டேனி பன்ட்டன் பெரியைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: "'மியூல்' என்ற ஒரே ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டு டேனி பன்ட்டன் பெரியை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். அவருடைய மற்ற விளையாட்டுகள் பெரிதாக விற்கவும் இல்லை, இன்று அவற்றை யாரும் ஆடுவதும் இல்லை. அப்படியிருக்க அவரை முன்னோடி என்பது மிகை அல்லவா? ஆடிப் பார்க்க விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது?"

கேள்வியில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1978 முதல் 1997 வரை பன்ட்டன் வெளியிட்டவை பன்னிரண்டு விளையாட்டுகள்; அவற்றில் கடைகளில் பெருவெற்றி கண்டது ஒன்றே ஒன்று, அதுவும் மியூல் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால், இரண்டைத் தவிர மற்ற அனைத்தும் ஒரே பிடிவாதத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். கணினியின் முன் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. பக்கத்திலோ, எதிரிலோ, தொலைபேசிக் கம்பியின் மறுமுனையிலோ இன்னொரு மனிதர் இருந்தாக வேண்டும் என்பதே அந்தப் பிடிவாதம். மற்றவை விற்காமல் போனதற்கும், மியூல் நாற்பது ஆண்டுகளாக நினைவில் நிற்பதற்கும் காரணம் அதுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 1992 வரை வெளிவந்த பெட்டிகளின் மீது டான் பன்ட்டன் என்று இருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் பால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் அவர் டேனியல் பன்ட்டன் பெரி ஆனார்; சுருக்கமாக டேனி. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எந்த ஆண்டுக்கு எந்தப் பிரதிப்பெயர் என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் 'அவர்' என்ற ஒரு சொல் அந்தச் சிக்கலைப் பிறந்ததிலிருந்து இறுதிவரை தீர்த்துவைத்துவிடுகிறது.

அவர் 1949இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார்; பள்ளிப் பருவத்திலேயே குடும்பம் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆறு பிள்ளைகள் கொண்ட, பணமுடை அவ்வப்போது எட்டிப்பார்த்த வீடு; பள்ளியில் படிக்கும்போதே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். தன் குடும்பம் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றாக இருந்த நேரங்கள் என்றால் அவை பலகை விளையாட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரங்கள்தான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு மிதிவண்டிக் கடை திறந்தார். 1974இல் தொழிற்பொறியியலில் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் நகரங்களின் இயக்கத்தைக் கணக்காக வடிக்கும் பணியைச் செய்தார். கடைக்காரர், பொறியாளர், மாதிரிகள் கட்டுபவர் ஆகிய மூவரையும் அவருடைய விளையாட்டுகளுக்குள் அடையாளம் காணலாம்.

முதல் விளையாட்டு 'வீலர் டீலர்ஸ்'. 1978இல் ஆப்பிள் II கணினிக்காக எழுதப்பட்டு, கனடாவின் ஸ்பீக்கீஸி சாஃப்ட்வேர் வழியாக வெளிவந்தது. பங்குகளையும் நிறுவனங்களையும் ஏலம் எடுக்கும் வணிக விளையாட்டு அது. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஏலம் கேட்க வேண்டும் என்பது பன்ட்டனின் எண்ணம். ஆப்பிள் IIஇல் அதற்கு வழியில்லை. வேறொருவராக இருந்தால் ஆளுக்கொரு முறையென்று வரிசைவைத்து ஆடச் சொல்லியிருப்பார். பன்ட்டனோ நான்கு பேர் அழுத்துவதற்கான தனிப் பொத்தான் கருவி ஒன்றையே செய்து பெட்டிக்குள் வைத்து விற்றார். விளையாட்டு என்றால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பதினைந்து டாலருக்கு விற்ற காலத்தில் இதன் விலை 35 டாலர். விற்ற படிகள் 50. ஐம்பதாயிரம் இல்லை, ஐம்பது. அடுத்த இருபது ஆண்டுகளில் நடக்கவிருந்த எல்லாமே இந்த ஐம்பது பெட்டிக்குள் இருக்கிறது: எல்லோரும் ஒரே நேரத்தில் பங்கேற்க வேண்டும், அதற்கு ஏற்ற வன்பொருள் இல்லை, இருந்தாலும் செய்தே தீருவது.

அடுத்த மூன்று விளையாட்டுகளைக் கலிஃபோர்னியாவின் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் வெளியிட்டது. போர் விளையாட்டுகளுக்குப் பேர்போன பதிப்பாளர் அது. 1981இல் வந்த 'கம்ப்யூட்டர் குவார்ட்டர்பேக்' அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சியாளர் இடத்தில் ஆடுபவரை உட்காரவைப்பது. அதே ஆண்டின் 'கார்ட்டெல்ஸ் அண்ட் கட்த்ரோட்ஸ்' ஆலை நடத்தும் முதலாளிகளின் போட்டி. ஆறு பேர் வரை ஆடலாம், படமென்று சொல்ல எதுவுமில்லை, எல்லாம் எழுத்தும் எண்ணும். இரண்டும் பிழையற்றவை, இன்று வறண்டவை. வரலாற்று ஆர்வம் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதான 'சைட்ரான் மாஸ்டர்ஸ்' (1982) வேறு வகை. இரண்டு தளபதிகள் ஒரே திரையில், ஒரே நேரத்தில், முறைக்குக் காத்திராமல் படைகளை உருவாக்கி நகர்த்துகிறார்கள். இன்று நிகழ்நேர வியூக விளையாட்டு என்று நாம் சொல்லும் வகை, 1992இல் 'டியூன் II' வந்த பிறகுதான் பரவலாக உருப்பெற்றது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் வந்த இதை அந்த வகையின் மூதாதையரில் ஒன்றாகச் சொல்வதில் தவறில்லை. முதல் விளையாட்டு இதுதான் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். இதே காலத்தில் இன்டெலிவிஷன் என்ற வீட்டு விளையாட்டு எந்திரத்துக்கு வந்த 'யுடோப்பியா' போன்றவை இருப்பதால் அந்தப் பட்டத்தை நான் யாருக்கும் கட்டமாட்டேன். எஸ்.எஸ்.ஐ.யின் வாடிக்கையாளர்கள் ஒரு நகர்த்தலுக்குப் பத்து நிமிடம் யோசிப்பவர்கள். அவர்களுக்கு இது சுட்டுத்தள்ளும் விளையாட்டாகத் தெரிந்தது. சுட்டுத்தள்ளும் விளையாட்டு ஆடுபவர்களுக்கோ இது கணக்குப் பாடமாகத் தெரிந்தது. இரு தரப்பையும் ஈர்க்கப் பார்த்து இருவரையும் இழந்துவிட்டேன் என்ற பொருளில் பன்ட்டனே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் டிரிப் ஹாக்கின்ஸ் வருகிறார். 1982இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 'கார்ட்டெல்ஸ் அண்ட் கட்த்ரோட்ஸ்' விளையாட்டின் உரிமையை வாங்க முயன்றார், எஸ்.எஸ்.ஐ. தர மறுத்தது. அப்படியானால் அதே கருவில் புதிதாக ஒன்றைச் செய்து தாருங்கள் என்று பன்ட்டனிடமே கேட்டார். பன்ட்டன் தன் சகோதரர் பில் பன்ட்டன், ஜிம் ரஷிங், ஆலன் வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து லிட்டில் ராக்கில் ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்ற குழுவை அமைத்தார். 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட முதல் தொகுதி விளையாட்டுகளில் ஒன்றாக 'மியூல்' வந்தது.

மியூல் என்றால் கோவேறு கழுதை. விளையாட்டில் அது பலவகை வேலைக்குப் பயன்படும் ஒரு எந்திரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கையாகவும் வரும். இராட்டா என்ற கோளில் நான்கு பேர் குடியேறுகிறார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் அட்டாரி. விளையாட்டு முதலில் எழுதப்பட்டது அட்டாரி 800க்கு. காரணம், அந்தக் கணினியின் முகப்பில் ஜாய்ஸ்டிக் செருகுவதற்கு நான்கு துளைகள் இருந்தன. வீலர் டீலர்ஸுக்காகத் தானே செய்ய வேண்டியிருந்த கருவி இங்கே பெட்டியோடு வந்தது. ஆனால் விளையாட்டு வெளிவந்த அதே 1983இல் அட்டாரி தன் புதிய கணினிகளில் துளைகளை இரண்டாகக் குறைத்துவிட்டது. பன்ட்டனின் வாழ்க்கையில் இந்த மாதிரி நேரப்பொருத்தம் திரும்பத் திரும்ப வரும்.

விளையாட்டின் அமைப்பு எளிது. ஒன்பதுக்கு ஐந்து என்று கட்டம் கட்டிய நிலம், நடுவில் ஊர், ஊரின் வழியே ஓர் ஆறு, ஆங்காங்கே மலைகள். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைக்கும். ஊருக்குள் போய் ஒரு மியூலை வாங்கி, உணவுக்கோ ஆற்றலுக்கோ தாதுவுக்கோ ஏற்ற சாதனத்தை அதற்குப் பூட்டி, நிலம்வரை நடத்திக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் உணவு குறைவாக இருந்தால் அந்த மாதம் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறையும். ஆற்றல் போதாவிட்டால் நிலம் விளையாது. ஸ்மித்தோர் என்ற தாதுவை யாரும் கடைக்கு விற்காவிட்டால் புதிய மியூல்கள் உருவாகாது, இருப்பவற்றின் விலை ஏறும். ஒரே பொருளை விளைவிக்கும் நிலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விளைச்சல் கூடும். அதே பொருளில் மூன்று நிலங்கள் சேர்ந்தால் இன்னும் கூடும். பொருளாதாரப் பாடநூலில் நான்கு அத்தியாயம் பிடிக்கும் விஷயங்கள் இவை. விளையாட்டில் இவற்றுக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாமலே பத்து வயதுப் பிள்ளைக்குக் கைப்படப் புரிந்துவிடும்.

இதில் நான் இன்றும் வியக்கும் பகுதி ஏலம். மாத இறுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏலம் நடக்கும். விற்பவர்கள் திரையின் மேல் விளிம்பில் நிற்பார்கள், வாங்குபவர்கள் கீழ் விளிம்பில். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் வாங்குபவரின் உருவம் ஏறும், அவர் தரும் விலையும் ஏறும். விற்பவர் இறங்கினால் அவர் கேட்கும் விலை இறங்கும். இரு கோடுகளும் தொட்டுக்கொண்ட இடத்தில் சரக்கு ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கும். எண்ணைத் தட்டச்சு செய்வதில்லை, 'ஆம்', 'இல்லை' என்ற பெட்டிகள் இல்லை. மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலால் பேசும் விலையை இங்கே நான்கு உருவங்கள் எல்லோர் கண்முன்னும் நடந்தே பேசுகின்றன. ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கம் தெரியும். ஒருவருக்கு அவசரம் என்றால் அது அவருடைய நடையிலேயே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் மூவருடன் எமுலேட்டரில், அதாவது பழைய கணினியை இன்றைய கணினிக்குள் போலச்செய்யும் மென்பொருளில், ஆடியபோது நடந்த ஒரு மாதத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கடையில் உணவு தீர்ந்துவிட்டது. கடையில் சரக்கு இல்லாவிட்டால் விலைக்கு உச்சவரம்பும் இல்லை. எங்களில் ஒருவரிடம் மட்டும் மிச்ச உணவு இருந்தது. அவர் மேல்விளிம்பில் அசையாமல் நின்றுகொண்டார். கீழே நாங்கள் மூவர். அடுத்த மாதம் நடமாட நேரம் வேண்டுமே என்ற பயத்தில் நான் மெல்ல ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைவிட ஒரு படி கூட ஏறினார். மூன்றாமவர் ஜாய்ஸ்டிக்கை அப்படியே வைத்துவிட்டு, "இவருக்கு இவ்வளவு விலை கொடுத்தால் இந்த ஆட்டம் இன்றே முடிந்துவிடும், இறங்குங்கள்" என்றார். நாங்கள் இருவரும் இறங்கினோம். மேலே நின்றவர் சிரித்தார். கடிகாரக் கோடு குறையக் குறையச் சிரிப்பும் குறைந்தது. கடைசி இரண்டு நொடியில் ஓடோடி இறங்கி வந்தார். கணினி இந்த நாடகத்தில் செய்தது கோடு வரைந்தது மட்டும். மற்றதெல்லாம் அறையில் நடந்தது. பன்ட்டனின் திறமை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்த இரண்டு நொடியைத்தான் காட்டுவேன்.

சமநிலை பேணுவதற்கு அவர் வைத்த ஏற்பாடுகளும் கவனிக்கத்தக்கவை. மாதந்தோறும் யாரோ ஒருவருக்கு எதிர்பாராத நன்மையோ கேடோ நேரும். ஆனால் முதலிடத்தில் இருப்பவருக்கு நன்மை வராது, கடைசியில் இருப்பவருக்குக் கேடு வராது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே நிலத்துக்குப் பொத்தானை அழுத்தினாலும், ஏலத்தில் ஒரே விலையில் நின்றாலும், பின்தங்கியவருக்கே அது போகும். ஆட்டத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் இனத்தைப் பொறுத்துக் கைப்பணமும் மாறும்: பழகாதவர் ஃபிளாப்பரைத் தேர்ந்தால் 1600, கைதேர்ந்தவர் மனித உருவைத் தேர்ந்தால் 600, மற்ற இனங்களுக்கு 1000. குழந்தையும் பெற்றோரும் ஒரே பலகையில் ஆடும்போது வீட்டில் எப்படிச் சலுகை தருவோமோ, அதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார். இறுதியில் தனித்தனி வெற்றியோடு குடியேற்றம் மொத்தமும் எவ்வளவு ஈட்டியது என்பதற்கும் ஒரு தீர்ப்பு வரும்; எல்லோரையும் பட்டினி போட்டு முதலிடம் பிடித்தவர், தோற்றுப்போன குடியேற்றத்தின் முதல்வராகத்தான் நிற்பார். ராய் குளோவர் அமைத்த அந்தத் துள்ளல் இசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒருமுறை கேட்டால் ஒரு வாரம் காதைவிட்டுப் போகாது.

மியூல் சுமார் 30,000 படிகள் விற்றது. வட்டுகளைக் கள்ளத்தனமாகப் படியெடுத்துக் கைமாற்றிக்கொண்ட காலம் என்பதால், ஆடியவர்கள் அதைவிடக் கணிசமாக அதிகம் இருந்திருப்பார்கள். கொமடோர் 64 கணினிக்கும் பிறகு வேறு சில எந்திரங்களுக்கும் வந்தது; 1990இல் நின்டென்டோவின் வீட்டு விளையாட்டு எந்திரமான என்.இ.எஸ்.ஸுக்கும் வந்தது. 1996இல் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' இதழ் அதுவரை வந்த சிறந்த விளையாட்டுகளை வரிசைப்படுத்தியபோது மியூலுக்கு மூன்றாம் இடம் கொடுத்தது.

அடுத்து வந்தது தனியாள் விளையாட்டு, விற்றதும் அதுதான். 1984இல் வெளிவந்த 'தி செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்' 1,50,000 படிகளுக்கு மேல் விற்றது. 1492இல் ஸ்பெயினிலிருந்து கப்பல், ஆட்கள், உணவு, பரிசுப் பொருள் ஆகியவற்றோடு மேற்கே புறப்பட வேண்டும். கையில் வரைபடம் இல்லை. போன இடம் மட்டும் வரைபடத்தில் சேரும். உண்மையான அமெரிக்கக் கண்டங்களில் ஆடிச் சலித்துவிட்டால், புதிய கண்டம் ஒன்றைக் கணினியே கற்பனையாக உருவாக்கி வட்டில் எழுதித் தரும். 48 கிலோபைட் நினைவகத்துக்குப் பழகிய தலைமுறைக்கு, நடக்க நடக்க முடிவில்லாமல் விரியும் நிலம் பெரிய அதிசயமாக இருந்தது.

ஆனால் அந்த விளையாட்டில் என் மனதில் தங்கியிருப்பது நிலப்பரப்பு இல்லை, கிராமக் காட்சி. ஊருக்குள் நுழைந்ததும் மக்கள் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். தலைவரைச் சென்றடைந்து பரிசு கொடுக்க வேண்டும். நடக்கும் வழியில் யார்மீதாவது முட்டினால் அவர் இறந்துவிடுவார், ஊர் உங்களுக்கு எதிராகத் திரும்பும். தாக்குவதற்கென்று தனிப் பொத்தான் எதுவும் தேவைப்படாமலே, பொறுமையிழந்து ஜாய்ஸ்டிக்கை ஒரு கணம் அழுத்திப் பிடித்ததே படுகொலையாகிவிடும். வரலாற்றை இவ்வளவு சின்ன விதிக்குள் அடக்கியிருப்பதில் மேலோட்டம் உண்டுதான். பூர்வகுடிகளின் தரப்பு இதில் ஏறக்குறைய பேசுவதே இல்லை. ஆனாலும் வந்தேறியின் அவசரமே வன்முறை என்பதை ஒரு சொல்லும் சொல்லாமல் ஆடுபவரின் கைக்கு உணர்த்திய வேறு விளையாட்டு அந்தப் பத்தாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை. விளையாட்டு வடிவமைப்பாளர் சிட் மையர் தன்னுடைய 'பைரேட்ஸ்' விளையாட்டுக்கு இதுவொரு தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடல்வழித் திரிதலை ஆடியவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

அதன் வெற்றியைத் தொடர்ந்து 1985இல் வந்த 'ஹார்ட் ஆஃப் ஆஃப்ரிகா' அதே முறையை 1890இன் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், ஒரு ஃபாரோவின் கல்லறையைத் தேடவைத்தது. நேர்த்தி இருக்கிறது, புதுமை இல்லை. பன்ட்டனின் விளையாட்டுகளில் அவருடைய மனம் முழுதாக ஒட்டாதது இதுவே என்று எனக்குத் தோன்றும்.

அந்த வழியிலேயே மூன்றாவது, நான்காவது என்று செய்திருந்தால் அவர் செல்வந்தராகியிருக்கலாம். அவர் செய்ததோ 1986இல் 'ரோபோட் ராஸ்கல்ஸ்'. பெட்டிக்குள் வட்டோடு ஒரு சீட்டுக்கட்டும் இருந்தது. கையிலுள்ள சீட்டில் குறித்த பொருள்களைத் திரையில் ரோபோக்களை ஓட்டித் தேட வேண்டும். தனியாக ஆடும் வசதியே கிடையாது. கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்க்கும் பதினாலு வயதுச் சிறுவன் தன் அறையில் தனியாகத்தான் ஆடப்போகிறான் என்பது பதிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பன்ட்டனுக்கும் தெரியும். அவன் தனியாக ஆடக் கூடாது என்றுதான் அவர் செய்தார். விற்றவை 9,000. இதை நான் பிழையான கணிப்பு என்றே சொல்வேன். குடும்பம் முழுவதையும் கணினிக்கு முன் இழுக்க விரும்பிய விளையாட்டு, அந்தக் குடும்பத்துக்கு அதைவிட எளிதாகக் கிடைத்த வெறும் சீட்டுக்கட்டோடு போட்டியிட வேண்டியிருந்தது.

பிழையிலிருந்து அவர் எடுத்த பாடம் விநோதமானது. ஒரே அறைக்கு மனிதர்களை வரவைக்க முடியவில்லை என்றால் கம்பி வழியாகச் சேர்த்துவைப்போம் என்று முடிவு செய்தார். 1988இல் வந்த 'மோடம் வார்ஸ்' அதன் விளைவு. இருவர் தத்தம் வீட்டில் இருந்தபடி, தொலைபேசி வழியாக மோடம் மூலம் இணைந்து, ஒரே நேரத்தில் படை நடத்தி எதிராளியின் கட்டளை மையத்தைத் தகர்க்க வேண்டும். முறை வைத்து ஆடுவதில்லை. நினைப்பதும் நகர்த்துவதும் ஒருசேர நடக்கும். ஆடி முடித்த போரை முழுவதுமாக வட்டில் சேமித்து, பின்னர் திரைப்படம்போல் ஓட்டிப் பார்க்கும் வசதியையும் அதில் வைத்திருந்தார். தோற்றவர் எங்கே தோற்றோம் என்று பார்க்கலாம். ஜெயித்தவர் நண்பர்களைக் கூட்டிவைத்துக் காட்டலாம். இன்று போட்டி விளையாட்டுகளின் பதிவுகளை லட்சக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 1988இல் மோடம் வைத்திருந்த வீடுகள் குறைவு. வைத்திருந்தவர்களில் இந்த விளையாட்டையும் வாங்கிய இன்னொருவரின் தொலைபேசி எண்ணை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு பேரும் தனித்தனியாகப் பெட்டி வாங்கினால்தான் ஒரு ஆட்டமே நடக்கும் என்பதை எந்தக் கடைக்காரரும் ரசிக்கவில்லை.

அதன்பின் அவர் மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்கு இரண்டு விளையாட்டுகள் செய்தார். 'ஆக்சிஸ் அண்ட் அலைஸ்' என்ற பலகை விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் விருப்பம் 1990இல் 'கமாண்ட் ஹெச்.கியூ.' ஆனது, உலகப்போர்களை நிகழ்நேரத்தில், மௌஸ் ஒன்றை வைத்தே, தனியாகவோ மோடம் வழி இன்னொருவருடனோ ஆடலாம். மெனுக்களும் சுருக்கு விசைகளும் காடாக மண்டிக் கிடந்த அன்றைய போர் விளையாட்டுகளுக்கு நடுவே இது ஒரு வெட்டவெளி போலத் தெரிந்தது. 1992இல் வந்த 'குளோபல் கான்க்வெஸ்ட்' நான்கு பேர் வலைப்பின்னல் வழியாகச் சேர்ந்து ஆடும்படி அமைந்தது. பெரிய பதிப்பாளர் ஒருவரிடமிருந்து வந்த முதல் நால்வர் வலை விளையாட்டு அது. வீலர் டீலர்ஸின் நான்கு பொத்தான்கள் பதினான்கு ஆண்டுகளில் நான்கு வீடுகளாக விரிந்துவிட்டன.

1992க்குப் பின் அவர் பெரிதும் ஒதுங்கியே இருந்தார். பாலின மாற்றத்துக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி அவரே வெளிப்படையாக, பெருமிதமும் வருத்தமும் கலந்து எழுதியிருக்கிறார். அதை இங்கே சுருக்கிச் சொல்வது நியாயமாக இராது. விளையாட்டைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் முக்கியம். சேகாவின் ஜெனிசிஸ் எந்திரத்துக்காக மியூலைப் புதுப்பிக்கும் பணி ஏறத்தாழ முடியும் நிலைக்கு வந்தபோது, துப்பாக்கியும் குண்டும் சேர்க்க வேண்டும் என்று பதிப்பாளர் தரப்பு வற்புறுத்தியது, பன்ட்டன் மறுத்தார், விளையாட்டு வெளிவரவே இல்லை. பணத்தையும் தாதுவையும் வைத்தே நால்வரை ஒருவர்மீது ஒருவர் பாயவைத்த விளையாட்டுக்கு எதற்குத் துப்பாக்கி என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. மற்றது, 1997இல் வெளியான 'வார்ஸ்போர்ட்'. மோடம் வார்ஸை இணையக் காலத்துக்கு ஏற்ப மறுபடி செய்தது. ஒன்பது ஆண்டு கழித்தும் அதே எண்ணத்தை அவர் விடவில்லை.

1998 மே மாதம் கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்களின் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 3 அன்று நுரையீரல் புற்றுநோயால் 49ஆம் வயதில் காலமானார். 2000இல் வந்த 'தி சிம்ஸ்' விளையாட்டை அதன் வடிவமைப்பாளர் வில் ரைட் பன்ட்டனின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். 2007இல் ஊடாடு கலைகள் அகாடமியின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இனி, முன்னோடி என்பது மிகையா என்ற கேள்விக்கு வருகிறேன். 'காலத்தை முந்தியவர்' என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தொடர் போதவில்லை. பன்ட்டன் எதிர்காலத்தை ஊகித்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கவில்லை. கையிலிருந்த எந்திரத்தில் எத்தனை பேரை உட்காரவைக்க முடியும் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப விளையாட்டைச் செய்தார். பொத்தான் கருவி, நான்கு துளை, சீட்டுக்கட்டு, மோடம், வலைப்பின்னல் என்று மாறியவை சாதனங்கள்தான். சைட்ரான் மாஸ்டர்ஸில் இருவரின் நேரத்தை ஒன்றாக்கியதும், மியூலில் விலையை நடையாக மாற்றியதும், மோடம் வார்ஸில் ஆட்டத்தைப் படமாகப் பிடித்ததும் அந்த ஒரே வேலையின் பகுதிகள். விற்பனைக் கணக்கை வைத்து அளந்தால் அவருடைய மிகச் சிறந்த படைப்பு செவன் சிட்டீஸ் ஆகிவிடும். அதைச் செய்தபின் அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதைப் பார்த்தாலே அந்த அளவுகோலை அவர் ஏற்கவில்லை என்பது தெரிகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், மியூலின் அட்டாரிப் பதிப்பிலிருந்தே. கொமடோர் பதிப்பும் குறையில்லை. என்.இ.எஸ். பதிப்பைத் தவிர்க்கலாம், வேகம் குறைவு, அழகும் குறைவு. கணினிக்கு எதிராகத் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். விதிகளைப் பழக அது போதும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எமுலேட்டரில் நான்கு கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்த வழி உண்டு. ஆறு மாதம் மட்டும் ஓடும் தொடக்க நிலை ஆட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்; நால்வரில் விளையாட்டே பழகாதவர் யாரோ அவருக்கு ஃபிளாப்பரைக் கொடுங்கள், விதிகளைப் படித்துக் கொண்டுவந்திருக்கும் நீங்கள் 600 பணத்தோடு மனித உருவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் எல்லோரும் மியூலைத் தப்ப விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது மாத உணவு ஏலத்தில் அறை அமைதியாகும்.